ஓராண்டுப் பூவும் பல்லாண்டுப் பூவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தோட்டத்தில் புதிதாகப் பூச்செடி வைக்க விரும்பும் வாசகர்களிடமிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில், ஓராண்டுச் செடிகளையும் பல்லாண்டுச் செடிகளையும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியே வெவ்வேறு உருவில் மிகுதியாக இருந்தது. அவற்றுள் ஏழு கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி: ஐயா, புது வீட்டின் முன்புறம் 10 அடிக்கு 15 அடி இடம் பூச்செடிக்காக விட்டிருக்கிறோம். காலையிலிருந்து பிற்பகல் 2 மணி வரை வெயில் படும். களிமண். விதைப் பொட்டலங்களில் 'ஆனுவல்' என்றும் 'பெரினியல்' என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். ஒருமுறை நட்டால் பல ஆண்டு பூக்கும் என்று நம்பி வாங்கிய செடிகளில் சில ஆறு மாதம்கூட நிற்கவில்லை. எதை நம்பி வாங்குவது?

பதில்: அம்மா, பொட்டலத்தில் அச்சிட்டிருப்பது பொய்யன்று, ஆனால் அது பெரும்பாலும் வேறொரு நாட்டின் தட்பவெப்பத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பனி உறைந்து மண் இறுகிப்போகும் நாடுகளில், அந்தக் குளிரைத் தாண்டி மறுபடியும் தளிர்க்கும் செடியைப் பல்லாண்டுச் செடி என்றும், விதைத்த ஆண்டிலேயே பூத்து விதை கொடுத்துக் குளிரில் மடிந்துவிடும் செடியை ஓராண்டுச் செடி என்றும் தோட்டக்காரர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். நம் வீட்டு வாசலில் ஆண்டு முழுவதும் பூக்கும் நித்தியகல்யாணியை, மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட அந்தச் செடியை, ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஓராண்டுச் செடியாகவே விற்கிறார்கள். ஏனென்றால் முதல் உறைபனியிலேயே அது கருகிவிடும். இங்கே அதற்கு அந்த ஆபத்து இல்லை. அதேபோல், அங்கே கோடை முழுவதும் பூக்கும் பெட்டூனியா நம் சித்திரை வெயிலைத் தாங்குவதில்லை.

ஆகவே, ஒரு செடி எத்தனை ஆண்டு வாழும் என்று கேட்பதற்கு முன், நம் ஊரில் அது எந்த மாதத்தில், எதனால் சாகும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. டெல்டா மாவட்டத்தில் செடியைக் கொல்பவை இரண்டு: ஐப்பசி, கார்த்திகையில் வேரடியில் தேங்கும் தண்ணீர் ஒன்று, பங்குனி முதல் வைகாசி வரை அடிக்கும் வெயில் மற்றொன்று. நித்தியகல்யாணியையே எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு வறட்சியையும் தாங்கும் இந்தச் செடி, அடைமழையில் நான்கு நாள் தண்ணீர் நின்றால் போய்விடும். மண் ஈரமாகத்தான் இருக்கும், ஆனால் இலைகள் தண்ணீர் காணாதவை போலத் தொங்கும். குனிந்து பார்த்தால் மண்ணை ஒட்டிய தண்டு கறுத்து, விரலால் தொட்டாலே தோல் உரிந்து வரும். உங்கள் வீட்டில் ஆறு மாதத்தில் மடிந்தவை பெரும்பாலும் இப்படிப் போயிருக்கும் என்றே நினைக்கிறேன். எனவே உங்கள் முதல் செலவு செடிக்கன்று, மண்ணுக்கு. தொழு உரமும் மணலும் கலந்து, பாத்தியைச் சுற்றுத் தரையைவிட முக்கால் அடியாவது உயர்த்தி, தண்ணீர் வடிய ஒரு பக்கம் வாய்க்கால் விடுங்கள்.

150 சதுர அடியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை நிலையான செடிகளுக்கு ஒதுக்கலாம். பின்வரிசையில் ஒரு செம்பருத்தியும் ஒரு நந்தியாவட்டையும், நடுவில் இரண்டு குண்டுமல்லியும் இரண்டு இட்லிப்பூவும் போதும். நர்சரியில் ஒரு சாண் உயரத்தில் இருக்கும்போது இவை சிறியனவாகத் தோன்றுவதால் நெருக்கி நட்டுவிடுகிறோம்; மூன்றாம் ஆண்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, காற்றோட்டமின்றி மாவுப்பூச்சி பிடித்து நிற்கும். மல்லிக்குச் செடிக்குச் செடி 4 அடி, செம்பருத்திக்கு 5 அடி என்று இப்போதே இடம் விட்டுவிடுங்கள். அந்த வெற்றிடம் கண்ணுக்கு உறுத்தினால், அதை நிரப்புவதற்குத்தான் ஓராண்டுச் செடிகள் இருக்கின்றன. முதல் இரண்டு ஆண்டுகள் செண்டுமல்லியும் கோழிக்கொண்டையும் அந்த இடைவெளியில் நிற்கட்டும். நிலையான செடிகள் வளர வளர அவை தாமாகவே முன்வரிசைக்கு ஒதுங்கிவிடும்.

ஓராண்டுச் செடிகளில் பட்டம் தப்பினால் பலன் இல்லை. ஆடியில் காசித்தும்பை, கோழிக்கொண்டை, வாடாமல்லி, செண்டுமல்லி ஆகியவற்றை விதைக்கலாம். செண்டுமல்லி நாற்றங்காலில் ஏறக்குறைய 4 வாரமும், நடவு செய்தபின் பூப்பதற்கு ஏறக்குறைய 60 நாளும் எடுத்துக்கொள்ளும். ஆடி முதல் வாரத்தில் விதைத்தால் ஆயுத பூஜையை ஒட்டி உங்கள் வாசலில் பூ இருக்கும். பொங்கலுக்குப் பூ வேண்டுமென்றால் ஐப்பசி முதல் வாரத்தில் விதைக்க வேண்டும். அது அடைமழைக் காலம் என்பதால் திறந்த பாத்தியில் தூவினால் நாற்று அடியில் அழுகிச் சாய்ந்துவிடும். தாழ்வாரத்தில் குழித்தட்டில் நாற்று விட்டு, மழை ஓய்ந்த இடைவெளி பார்த்து நடுங்கள். ஜினியாவுக்கு இந்தத் தொல்லை வேண்டாம். அதற்கு நாற்றுப் பிடுங்கி நடுவது அவ்வளவாகப் பிடிக்காது, மார்கழியில் மழை விட்டபின் பாத்தியிலேயே நேரடியாக விதைக்கலாம். பங்குனிக்குமேல் வெயிலோடு போட்டியிட டேபிள் ரோஸும் வாடாமல்லியும் போதும்.

நிலையான செடி என்றால் நட்டுவிட்டு மறந்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்குக் கவாத்து செய்து, தொழு உரம் இட்டுத் தண்ணீர் விட்டால்தான் மாசிக்குமேல் புதுத் தளிரில் மொட்டுக் கட்டும். வெட்ட மனம் வராமல் விட்டுவிட்ட மல்லி, பச்சைப் புதராக வளர்ந்து, நுனியில் மட்டும் நாலு பூக் காட்டும். முல்லைக்கு இந்தக் கவாத்தை ஜனவரி கடைசியில் செய்ய வேண்டும்.

மதுரையிலிருந்து ஒரு வாசகர்: ஊட்டிக்குப் போனபோது நீலக் கொத்துப் பூவோடு ஹைட்ரேஞ்சியாச் செடி ஒன்று வாங்கி வந்தேன். இங்கே இரண்டு ஆண்டுகளாக இலை மட்டும் விடுகிறது. வெளிநாட்டிலிருந்து மகன் கொண்டுவந்த டியூலிப் கிழங்குகளும் கைவசம் இருக்கின்றன. இரண்டுமே பல்லாண்டுச் செடி என்கிறார்களே, பூக்க வைக்க வழி உண்டா?

பதில்: பல்லாண்டுச் செடி என்பது உண்மை; ஆனால் இரண்டுக்குமே குளிர்தான் கடிகாரம். ஹைட்ரேஞ்சியா தன் பூமொட்டுகளைக் கட்டத் தொடங்குவதற்குப் பல வாரங்கள் 18 பாகை செல்சியஸுக்குக் கீழான குளிர் தொடர்ந்து இருக்க வேண்டும். கடல் மட்டத்துக்கு மேல் 2,200 மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் இருக்கும் ஊட்டியில் அது இயல்பாகக் கிடைக்கிறது. மதுரையில் மார்கழி இரவிலும் அப்படி வாரக்கணக்கில் குளிர் தங்குவதில்லை. நிழலில் வைத்து, தண்ணீர் தவறாமல் விட்டால் செடி உயிரோடு இருக்கும், அவ்வளவுதான். ஒருவேளை பூத்தாலும் நீலம் வராது. மலைப்பகுதியின் புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து செடிக்குள் போவதால்தான் அந்த நீலம் வருகிறது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் தண்ணீரிலும் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும்.

டியூலிப் கிழங்குக்கு 9 பாகைக்குக் கீழே ஏறக்குறைய 12 வாரக் குளிர் தேவை. குளிர்சாதனப் பெட்டியில், பழங்கள் இல்லாத தட்டில் காகிதப் பையில் வைத்திருந்து, கார்த்திகைக் கடைசியில் எடுத்துத் தொட்டியில் நட்டால் தை மாதத்தில் ஒருமுறை பூக்க வாய்ப்புண்டு. மகன் கொண்டுவந்தது என்பதால் ஆசையோடு இதைச் செய்து பாருங்கள். ஆனால் மறு ஆண்டும் பூக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சமவெளியில் டியூலிப்பை ஓராண்டுச் செடியாகவே கணக்கிட வேண்டும்.

நீலம்தான் உங்களுக்குப் பிடித்தது என்றால், சங்குப்பூவை வேலியில் ஏற்றுங்கள். விதையை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து விதைத்தால் போதும், பல ஆண்டுகள் நிற்கும் கொடி அது. கத்தரிப்பூ நிறத்தில் பூக்கும் டிசம்பர் பூவையும் பக்கத்தில் வைக்கலாம்; மதுரையின் கோடையைத் தாண்டி, கார்த்திகை தொடங்கித் தை வரை செடி தெரியாத அளவுக்குப் பூக்கும். பழைய வீடுகளின் கிணற்றடியில் இருந்த இந்தச் செடி, நர்சரிகளில் வெளிநாட்டுச் செடிகளுக்கு இடம் கொடுத்துப் பின்வரிசைக்குப் போய்விட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அக்கம்பக்கத்தில் யார் வீட்டிலாவது இருந்தால் ஒரு குச்சி கேட்டு வாங்கி ஊன்றுங்கள். எளிதில் வேர் பிடிக்கும்.

சென்னை, திருவான்மியூரிலிருந்து ஒரு வாசகி: மேற்குப் பார்த்த மொட்டைமாடி. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். ரோஜாவும் மல்லியும் இலையோரம் கருகிப் போய்விட்டன. என்னதான் வைப்பது?

பதில்: தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பொருக்குப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். படிந்திருந்தால் அத்தனையும் உப்பு. தினமும் ஒரு குவளை ஊற்றிவந்தால் தண்ணீர் ஆவியாகி, உப்பு மட்டும் தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும். அதற்குப் பதிலாக, மேல்மண் காய்ந்தபின் அடித்துளை வழியே தண்ணீர் வடியும் வரை ஊற்றுங்கள். வடியும் தண்ணீரோடு உப்பும் இறங்கும். தட்டில் நிற்கும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை; வாளியில் பிடித்து மென்மையான செடிகளுக்கு ஊற்றலாம்.

உங்கள் தண்ணீருக்கும் மேற்கு வெயிலுக்கும் காகிதப்பூவே முதல் தேர்வு. அதன் நிறமெல்லாம் பூவன்று. இலை மாறிய வண்ணச் செதில். நடுவில் தீக்குச்சி முனை அளவு வெள்ளையாக இருப்பதுதான் பூ. நன்றாகத் தண்ணீர் காட்டினால் இலையும், சற்றுக் காயவிட்டால் நிறமும் தரும் செடி என்பதால் மாடிக்கு இது மிகவும் பொருந்தும். அடுத்து அரளி, நித்தியகல்யாணி. தரையோடு படர டேபிள் ரோஸ்; இரண்டு அங்குலத் தண்டைக் கிள்ளி ஊன்றினால் வேர்விடும், வெயில் ஏறினால் விரிந்து பிற்பகலில் சுருங்கும். ஜினியா போன்ற விதைச் செடிகளை மார்கழியில் போடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொட்டி மண்ணில் தேங்கிய உப்பைக் கழுவி இறக்கியிருக்கும் நேரம் அதுதான். மாசி வரைக்கும் அவை நன்றாக வரும்.

ரோஜாவையும் மல்லியையும் இந்தத் தண்ணீரில் மறுபடி முயல வேண்டாம். மழைநீர்த் தொட்டி அமைத்தபின் அவற்றைப் பற்றி யோசிக்கலாம்.

விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி: வீட்டுக் கொல்லையில் 20 கனகாம்பரம் வைத்தேன். இரண்டாம் ஆண்டில் ஒவ்வொன்றாக இலை மஞ்சளாகி, குட்டையாகி, காய்ந்து போகிறது. அதே இடத்தில் புதுக் கன்று வைத்தாலும் அப்படியே ஆகிறது. கனகாம்பரம் பல ஆண்டு நிற்கும் என்றார்களே?

பதில்: நிற்கும். என் தாயார் வைத்த கனகாம்பரம் நாலு ஆண்டுக்குமேல் தலைக்குப் பூக் கொடுத்தது. உங்கள் கொல்லையில் கோளாறு செடியில் இல்லை, மண்ணில் இருக்கிறது என்று தோன்றுகிறது. காயத் தொடங்கிய செடி ஒன்றை வேரறாமல் தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசிப் பாருங்கள். வேரில் கடுகளவு முடிச்சுகள் கோத்தாற்போல் இருந்தாலோ, வெண்மையாக இருக்க வேண்டிய சல்லிவேர்கள் பழுப்புக் கோடுகளோடு அழுகியிருந்தாலோ, அது நூற்புழுவின் வேலை. கண்ணுக்குத் தெரியாத இந்தப் புழு கனகாம்பரத்தின் பெரிய எதிரி. புழு துளைத்த புண் வழியே வாடல் நோய்ப் பூசணமும் நுழைந்துவிடும். அந்த இடத்தில் எத்தனை கன்று வைத்தாலும் புழுவுக்குத் தீனி போடுவதாகவே முடியும்.

இங்கேதான் ஓராண்டுச் செடி பல்லாண்டுச் செடிக்குக் கைகொடுக்கிறது. கெட்ட செடிகளை வேரோடு எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, அந்தப் பாத்தி முழுவதும் செண்டுமல்லியை இடைவெளியில்லாமல் நெருக்கமாக நட்டு, மூன்று, நான்கு மாதம் விடுங்கள். அதன் வேரில் உள்ள ஆல்ஃபா டெர்தைனில் என்ற பொருள் நூற்புழுக்களை ஒடுக்குகிறது. ஓரத்தில் நாலு செடி நட்டால் போதும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம்; உயிருள்ள வேர் ஓடும் மண்ணில் மட்டுமே இந்தப் பலன் கிடைக்கும், ஆகவே பாத்தி நிறைய வேர் ஓட வேண்டும். அந்த மாதங்களில் களையையும் விட்டுவைக்கக் கூடாது, பல களைகளின் வேரில் புழு ஒளிந்துகொள்ளும். பூ முடிந்ததும் செடிகளை மண்ணிலேயே கொத்திவிட்டு, வேப்பம் பிண்ணாக்கு கலந்து, இரண்டு வாரம் கழித்துப் புதுக் கன்று வையுங்கள்.

கன்றை எங்கிருந்து எடுப்பது என்பதும் முக்கியம். ஆரஞ்சு நிறத்தில் பெரிதாகப் பூக்கும் டெல்லி கனகாம்பரம் விதை கட்டாது; குரோமோசோம்கள் மூன்று தொகுதியாக அமைந்த மலட்டுச் செடி அது. நுனிக் குச்சியை வெட்டித்தான் பெருக்க வேண்டும். புழு வேரில் இருப்பதால், நலிந்த செடியாக இருந்தாலும் நுனித் தண்டைப் புது மணலில் ஊன்றி வேர்பிடிக்க வைக்கலாம். நாட்டு வகைக்கு விதை உண்டு. பூ உதிர்ந்த கதிர் காய்ந்து பழுப்பானதும் பறித்து, ஒரு கிண்ணத்தில் போட்டு இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்து மூடிவையுங்கள். காய்கள் படபடவென்று வெடித்து, தட்டையான விதைகள் கிண்ணத்துக்குள்ளேயே சிதறிக் கிடக்கும்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர்: ஒரே நாளில், ஒரே இடத்தில் வாங்கிய ஆறு செவ்வந்திச் செடிகளில் நான்கு கார்த்திகையிலேயே பூத்துவிட்டன. மதில் ஓரம் வைத்த இரண்டு மட்டும் கொழுகொழுவென்று வளர்கின்றன, மொட்டே இல்லை. உரக் குறையா?

பதில்: மதிலுக்கு வெளியே தெருவிளக்கு இருக்கிறதா என்று பாருங்கள். செவ்வந்தி நீண்ட இரவைக் கண்டால்தான் மொட்டுக் கட்டும். நம் பகுதியில் ஆனியில் 13 மணி நேரத்தை ஒட்டி இருக்கும் பகல், மார்கழியில் பன்னிரண்டுக்கும் கீழே இறங்குகிறது; அந்த மாற்றத்தைத்தான் செடி தனக்கு அடையாளமாக வைத்திருக்கிறது. இரவு முழுவதும் விளக்கு எரிந்தால் செடிக்குக் கோடை முடியவில்லை. உரம் கூட்டினால் இலைதான் இன்னும் தழைக்கும். இரண்டையும் வீட்டின் பின்புறம், இருட்டான இடத்துக்கு மாற்றுங்கள். பூ முடிந்தபின் செடியைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். தரையை ஒட்டி வெட்டிவிட்டால் அடியிலிருந்து பக்கக் கன்றுகள் வெடித்து வரும். அவற்றைப் பிரித்து அரைநிழலில் கோடையைக் கடத்தி நட்டால் அடுத்த கார்த்திகைக்குப் புதுச் செடி. இப்படிப் பிரித்து நடுபவருக்குச் செவ்வந்தி பல்லாண்டுச் செடி; பிரிக்காதவருக்கு ஓராண்டுச் செடி.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி: வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை தவழ்ந்து, நடந்து திரிகிறது. வேலியோரம் அரளியும் செங்காந்தளும் வைக்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். அரளியின் இலை, பூ, தண்டு, பால் அனைத்தும் நஞ்சு. கழித்த கிளைகளை எரித்தால் வரும் புகையும் ஆகாது. மஞ்சள் அரளியின் கொட்டை இதைவிட அஞ்ச வேண்டியது. செங்காந்தள் நம் மாநில மலர், தரைக்கு மேலே மடிந்தாலும் கிழங்கு மண்ணுக்குள் உறங்கி மழையோடு மீண்டும் முளைக்கும் அருமையான கொடி. ஆனால் அதன் கிழங்கிலும் விதையிலும் உள்ள கொல்கிசின் உயிரைப் பறிக்கவல்லது. வேலிக்குச் செம்பருத்தியும் இட்லிப்பூவும் வையுங்கள். வாயில் போட்டுக்கொண்டாலும் பயமில்லை. குழந்தை எதையாவது மென்றுவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல், அந்தச் செடியின் ஒரு கிளையோடு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

புதுக்கோட்டையிலிருந்து ஒரு மாணவி: சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் பூத்த செண்டுமல்லி கைப்பிடி அளவு பெரியதாக இருந்தது. அதன் விதையைச் சேர்த்து இந்த ஆண்டு விதைத்தேன். பூ சிறியதாகவும், ஒன்றுக்கொன்று வேறாகவும் வருகிறது. நான் செய்த தவறு என்ன, ஐயா?

பதில்: நீ செய்த தவறு ஒன்றும் இல்லை, மகளே. அது எஃப்1 என்று சொல்லப்படும் வீரிய ஒட்டு விதை. இரண்டு வேறு பெற்றோரைச் சேர்த்து ஒரு தலைமுறைக்கென்று உருவாக்குவது. அதன் விதையில் பெற்றோரின் குணங்கள் பிரிந்து பலவாறாக வெளிப்படும். பெரிய பூவே வேண்டுமென்றால் ஆண்டுதோறும் புது விதை வாங்க வேண்டும்.

நீயே விதை சேர்த்து ஆண்டுதோறும் தொடர விரும்பினால், நாட்டுச் செண்டுமல்லி, வாடாமல்லி, கோழிக்கொண்டை, காசித்தும்பை ஆகியவற்றைத் தேர்ந்தெடு. இருப்பதில் நன்றாகப் பூத்த செடிக்கு ஒரு நூல் கட்டி அடையாளம் வைத்து, அதிலிருந்து மட்டும் விதை எடு. எல்லாச் செடியிலும் எடுத்துக் கலந்துவிட்டால் மெல்ல மெல்லத் தரம் குறையும். வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் பூவோடு நிழலில் காய்ந்தபின் உதிர்த்துக்கொள்ளலாம். காசித்தும்பைக்குத்தான் நேரம் பார்க்க வேண்டும். பச்சைக் காய் வெளிறி, உப்பலாகி, உள்ளே விதை கறுத்திருப்பது தோல் வழியே லேசாகத் தெரியும் நாளில், காலையில், காய்க்குக் கீழே ஒரு கையைக் குழித்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் தொடு. தொட்டதும் வெடித்துச் சுருண்டு, விதை உன் உள்ளங்கையில் விழும். இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு, பெயரும் மாதமும் எழுதி வைத்துவிடு. அடுத்த ஆடிக்கு எடுத்து விதைக்கலாம்.